கொச்சை

சிவகாசியில் எனக்கு ஓர் அச்சாபீஸ் நண்பர் இருக்கிறார். அவரைப் பார்க்கப் போனால் காபி வருவதற்கு முன்னால் பெருமை வந்துவிடும்.

"அண்ணாச்சி, இந்த உலகத்திலே நாங்க அச்சடிக்காத பாஷை கிடையாது. எங்களுக்குப் படிக்கத் தெரிஞ்ச பாஷையும் தமிழைத் தவிர வேற கிடையாது" என்பார்.

இரண்டும் உண்மைதான். அவருடைய மேஜைமேல் குஜராத்தி நாட்காட்டி கிடக்கும். வங்காளத்துக்குப் போகிற மத்தாப்புப் பெட்டியின் லேபிள் கிடக்கும். ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு தேசத்துப் பிள்ளைகள் எழுதப் போகிற நோட்டுப் புத்தகத்தின் அட்டை கிடக்கும். அவற்றில் ஓர் எழுத்துக்கூட அவருக்குப் படிக்க வராது. ஆனால் ஒரு கொம்போ சுழியோ குறைந்துவிட்டால் அவர் கண்ணிலிருந்து தப்பாது. "படிக்கத் தெரிஞ்சவன் பிழையை விட்டுருவான் அண்ணாச்சி. அர்த்தம் அவன் கண்ணை மறைச்சிரும். எங்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை பாருங்க" என்று ஒரு தத்துவமும் சொல்வார். அதில் விஷயம் இருக்கிறது என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டி பிறந்ததும் அதன் முதுகில் ஒட்டப் படம் வேண்டியிருந்தது. படத்துக்கு யந்திரம் வந்தது. பிறகு பட்டாசு, பட்டாசுக்கும் படம். மழை பொய்த்துப்போன கரிசல் பூமியில் நெருப்பைத் தொட்டுக்கொண்டு மசி வந்த கதை அது.

சென்ற ஆண்டு என் பழைய நாவல் ஒன்றுக்கு மறுபதிப்புப் போடப் பதிப்பாளர் ஏற்பாடு செய்தார். அச்சு வேலை இந்த நண்பரிடம். திருத்திய பிரதியை நானே கொண்டு போனேன். பெருமை வழக்கம்போல ஆரம்பமாயிற்று. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"பளியர் பாஷையிலே ஏதாவது அச்சடிச்சதுண்டா?" என்று கேட்டுவிட்டேன்.

நண்பர் ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தார். வேப்பமரங்களுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் அப்பால் ஸ்ரீவில்லிபுத்தூர் மலை ஒரு நீலக் கோடாகத் தெரிந்தது.

"பளியரா? செண்பகத்தோப்புப் பக்கம் தேன் கொண்டாந்து விப்பாங்களே, அவங்களா? அவங்களுக்கு ஏது அண்ணாச்சி தனியா பாஷை? பேசறது தமிழ்தானே. கொஞ்சம் கொச்சையா இருக்கும், அவ்வளவுதான்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் மேல் கோபம் வரவில்லை. வருவதற்கு நியாயமும் இல்லை. அவர் போகிற போக்கில் வாயால் சொன்னதை நான் அச்சுப் போட்டு, அட்டை கட்டி, விலை வைத்து விற்றவன். பையிலிருந்த பிரதியை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். அந்தப் பிரதியில் நான் செய்திருந்த திருத்தத்தின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அந்த நாவலில் ஒரு பளியன் வருகிறான். கதாநாயகன் சதுரகிரி மலையில் வழி தவறிவிடுகிறான். (நாவல் என்று ஒன்று மலைக்குப் போனால் யாராவது வழி தவறத்தானே வேண்டும்!) அப்போது பளியன் புதரை விலக்கிக்கொண்டு தோன்றுகிறான். "சாமி பயம் வேணாம். நான் முன்னே போகும். சாமி பின்னே வரும்" என்கிறான். இப்படியே ஒன்பது அத்தியாயங்களில் அவ்வப்போது பேசிக்கொண்டு வந்து, பத்தாவதில் கதாநாயகனைக் காப்பாற்றிவிட்டு மறைந்துபோகிறான். அந்தப் பாத்திரத்தை வாசகர்கள் ரொம்ப ரசித்தார்கள். விமரிசகர் ஒருவர் மலை மண்ணின் வாசனை வீசுவதாக எழுதினார். அவரும் மலைக்குப் போனவர் இல்லை என்று இப்போது சந்தேகிக்கிறேன்.

அந்தப் பேச்சு எனக்கு எங்கிருந்து கிடைத்தது? மலையிலிருந்து அல்ல. சினிமாவில் கரியைப் பூசிக்கொண்டு, கழுத்தில் பாசிமணி போட்டுக்கொண்டு, மலைவாசி வேஷம் கட்டியவர்கள் பேசிய பேச்சு அது. வினைமுற்றை முறித்துப் போட்டால் மலைவாசி ஆகிவிடுவான் என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. நான் அவர்களிடம் கற்றுக்கொண்டேன்.

அசல் பளியர் ஒருவரை நான் அதற்கு முன்பே சந்தித்திருந்தேன் என்பதுதான் இதில் வெட்கக்கேடு. வாலிபப் பிராயத்தில் ஓர் ஆடி அமாவாசைக்குச் சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்கத் தாணிப்பாறை வழியாக மலை ஏறினேன். கூட வந்த ஒரு பளியர் என் பையைத் தூக்கிக்கொண்டார். ஐந்தாறு மணி நேரம் கூடவே நடந்தார். பேசியது நாலு வார்த்தை. "இங்க வழுக்கும்" என்றார் ஓரிடத்தில். "தண்ணி இருக்கு" என்றார் இன்னோரிடத்தில். சுத்தமான தமிழ், என் தமிழைவிடச் சிக்கனமான தமிழ். நானோ கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். பெயர் என்ன, பிள்ளைகள் எத்தனை, புலி பார்த்ததுண்டா. அவர் சிரித்தார், நடந்தார். பேசத் தெரியாத மனுஷன் என்று முடிவு கட்டினேன். பல வருஷங்கள் கழித்து, அவர் பேசாமல் விட்ட அந்த இடத்தையெல்லாம் சினிமாப் பேச்சைக் கொண்டு நிரப்பினேன்.

இதை எனக்கு எடுத்துச் சொன்னது ஒரு பெண்பிள்ளை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாசகர் கூட்டம் ஒன்று நடந்தது. பேச்சு முடிந்து கேள்வி நேரம். ஆசிரியப் பயிற்சிக்குப் படிக்கிற பெண் ஒருத்தி, கையில் என் நாவலின் நூலகப் பிரதியை வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சார், ஒரு சந்தேகம். இதுல வர்ற ஆளு எந்த ஊருப் பளியன்?"

"சதுரகிரிப் பக்கம் அம்மா" என்றேன், பெருந்தன்மையாக.

"அங்க எங்க சித்தப்பா இருக்காரு சார். அங்க யாரும் இப்படிப் பேசமாட்டாங்களே. உங்ககிட்டப் பேசினா நாங்க தமிழ் பேசுவோம். எங்களுக்குள்ள பேசினா எங்க பேச்சு பேசுவோம். இது ரெண்டும் இல்லை. இது என்ன பேச்சு சார்?"

சபையில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, "நான் பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப என்னை இப்படித்தான் பேசிக் காட்டுவாங்க. அவங்க உங்க புஸ்தகத்தைப் படிச்சிருக்க மாட்டாங்க. ஆனா இதே மாதிரிதான், 'நான் போகும், நீ வரும்'னு. அதான் கேட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

அடுத்த கேள்வி தற்கால நாவலின் போக்கு பற்றி. என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

கூட்டம் முடிந்தபின் அவளைத் தேடிப் போனேன். மன்னிப்பு என்று எதையோ முணுமுணுத்தேன். "வீட்டுக்கு வாங்க சார். எங்க பாட்டி பேசுறதைக் கேளுங்க" என்றாள்.

உடனே போயிருக்க வேண்டும். ஊருக்கு மேற்கே சில மைலில் மலை இருக்கிறது. நான் என்ன செய்தேன்? எழுத்தாளன் செய்வதைச் செய்தேன். புத்தக அலமாரிக்குப் போனேன். இரண்டு மாதம் படித்தேன். அதுவும் வீண்போகவில்லை என்பதால் படித்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பழனி மலை, வருசநாடு, சதுரகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு நெடுகிலும், கேரளத்து இடுக்கியிலும், சிறு சிறு குடியிருப்புகளாகப் பளியர் வாழ்கிறார்கள். எல்லோரையும் சேர்த்தாலும் சில ஆயிரம் பேர்தான். கிழங்கு தோண்டுவதும் தேன் எடுப்பதும் நெல்லி, கடுக்காய் பொறுக்குவதும் பழைய ஜீவனம். சமவெளிக்காரர்களாகிய நாம் அவர்கள் பெயரைக்கூட ஒழுங்காக எழுதவில்லை. சிலர் 'பளியர்' என்கிறோம். சிலர் 'பழியர்' என்று எழுதி ஒரு பாவமும் அறியாத ஜனங்கள் தலையில் பழியைச் சுமத்துகிறோம். தமிழ்நாட்டின் பழங்குடிகள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பள்ளேயன், பள்ளியன், பள்ளியர் என்று மூன்று பெயர்கள் அடுத்தடுத்து, தனித்தனி இனங்களைப்போல, வரிசை எண் போட்டு நிற்கின்றன. மூன்று எழுத்துக்கூட்டு, மூன்று இனம்! அண்ணன் ஒன்றிலும் தம்பி இன்னொன்றிலும் சான்றிதழ் வாங்கினால் அவர்கள் உறவு என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றுகிறது.

பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலார் 1962 முதல் 1964 வரை பளியர்களிடையே தங்கி ஆராய்ந்தார். 1966-ல் அவர் எழுதிய கட்டுரை வெளிநாட்டுப் பண்டிதர்களிடையே பிரசித்தம். ஒருவரை ஒருவர் அடக்கி ஆளுவதில்லை, போட்டி போடுவதில்லை, சண்டை மூளும்போல இருந்தால் அடிப்பதற்குப் பதில் எழுந்து வேறிடம் போய்விடுகிறார்கள் என்று அவர் கண்டார். எல்லோருக்கும் சம மரியாதை, குழந்தைக்கும் உண்டு. இன்னொன்றும் கண்டார். பளியர் எப்போதுமே குறைவாகப் பேசுகிறார்கள். நாற்பது வயதை எட்டும்போது பேச்சு ஏறக்குறைய நின்றேவிடுகிறது. வாயாடியை அவர்கள் இயல்பான மனுஷனாக மதிப்பதில்லை. இதைப் படித்ததும் தாணிப்பாறை வழி நெடுக நான் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. பேசத் தெரியாதவர் என்று நான் அவரைப் பற்றி நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு வந்தாரோ!

கார்ட்னர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட புத்தகத்தில், பளியர் இரண்டு வாழ்க்கை முறைகளையும் அறிந்து, காட்டில் ஒன்றாகவும் வெளியார் நடுவில் வேறாகவும் மாறி மாறி நடந்துகொள்ளும் திறமையை விவரிக்கிறார். இதைத்தான் அந்தப் பெண் ஒரு நிமிஷத்தில் சொன்னாள். உங்களிடம் தமிழ், எங்களுக்குள் எங்கள் பேச்சு.

சரி, அந்தப் பேச்சு தனிப் பாஷையா, தமிழின் ஒரு கிளையா? கார்ட்னர் அதைத் தமிழின் வழக்கு என்றே கொள்கிறார். உலக மொழிகளைக் கணக்கெடுக்கும் 'எத்னோலாக்' என்ற பட்டியல் தனி மொழியாகச் சேர்த்திருக்கிறது. நம் மக்கள்தொகைக் கணக்கிலோ, 1971 முதல், பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் தாய்மொழியைத் தனியாக வெளியிடுவதே இல்லை. சில ஆயிரம் பேர் என்ன பேசினாலும் கணக்கில் வராது.

இந்த இடத்தில் ஒரு தூரதேசத்துச் சமாசாரம். அலமாரியைக் குடைந்தபோது வக்கி என்று ஒரு பாஷையைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. பாமீர், இந்துகுஷ், காரகோரம் என்ற மூன்று மலைகளும் முட்டிக்கொள்ளும் இடத்தில், ஆடும் யாக்கும் மேய்த்து, கிடைத்த துண்டு நிலத்தில் பார்லி விதைத்து வாழும் ஜனங்கள் பேசுவது. 1895-ல் ருஷ்ய சாம்ராஜ்யமும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யமும் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொள்ளாதிருக்க நடுவில் ஒரு நாடாத் துணிபோல ஆப்கானிஸ்தானுக்கு நிலம் விட்டார்கள், அதுதான் வக்கான். ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு ராஜ்யம், அந்தக் கரையில் இன்னொன்று, உறவினர்கள் இரண்டிலும். இன்றைக்கு அந்தப் பாஷைக்காரர்கள் ஆப்கானிஸ்தான், தஜிகிஸ்தான், பாகிஸ்தான், சீனா என்று நாலு தேசங்களில் சிதறிக் கிடக்கிறார்கள். வக்கி என்பது பிறர் இட்ட பெயர். அவர்கள் தங்களைக் 'கிக்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு தேசத்துப் பிள்ளை உருது படிக்கிறது, இன்னொரு தேசத்துப் பிள்ளை தஜிக் படிக்கிறது. எந்த எழுத்தில் எழுதுவது என்பதிலேயே ஒற்றுமை ஏற்படவில்லை. 2010-ல் யுனெஸ்கோ வெளியிட்ட அழியும் மொழிகளின் வரைபடத்தில் வக்கியும் இருக்கிறது.

கஷ்டம் கஷ்டம்தான். ஆனாலும் அந்த ஜனங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. அவர்கள் பேசுவது பாஷையல்ல என்று சொல்ல அக்கம்பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. உருதுக்காரனுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. ஆகவே 'இது வேறே' என்று ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். 1876-லேயே ராபர்ட் ஷா என்ற ஆங்கிலேயர் வக்கி இலக்கணம் பற்றிக் கல்கத்தா ஏஷியாடிக் சொஸைட்டியின் பத்திரிகையில் எழுதிவிட்டார். கிரியர்சன் துரையின் மொழிக் கணக்கெடுப்பில் 1921-ல் வெளிவந்த பத்தாவது தொகுதியில் வக்கிக்கு இடம் கொடுத்தார்கள். அதே கணக்கெடுப்பில் மதராஸ் ராஜதானியைச் சேர்க்கவில்லை! பாமீர் மலைவரை எட்டிய கை ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்கு எட்டாமல் போயிற்று. பளியர் பேச்சு தமிழுக்குப் பக்கத்து வீடு. பாதி புரிகிறது. புரிகிற பாதியைத் தமிழ் என்கிறோம், புரியாத பாதியைத் தப்பு என்கிறோம். கொச்சை என்ற வார்த்தைக்குள் இரண்டையும் போட்டு மூடிவிடுகிறோம். உருதுக்காரன் செய்ய முடியாத காரியம் இது. பக்கத்து வீட்டுக்காரன்தான் செய்ய முடியும்.

இவ்வளவும் படித்த பிறகுதான் மலைக்குப் போனேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோபுரத்தை முதுகுக்குப் பின்னால் விட்டு மேற்கே போனால் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் வரும். காற்றில் வெயில் குறையும். பிறகு செண்பகத்தோப்பு, அதற்கு மேலே காட்டழகர் கோயிலுக்குப் போகிற பாதை, வனத்துறையின் சோதனைச் சாவடி. இந்தக் காடு 1988-ல் சாம்பல் நிற மலை அணிலுக்காகச் சரணாலயம் ஆயிற்று. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆயிற்று. அணிலுக்கும் புலிக்கும் நான் விரோதி அல்ல. இந்தக் காடு இல்லாவிட்டால் கீழே கரிசலுக்கு வந்து சேருகிற சொட்டுத் தண்ணீரும் இராது. ஆனால் காட்டுக்குள் போகிற ஒவ்வொரு காலடிக்கும் ஒரு கேள்வி பிறந்துவிட்டது. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் தேனும் கிழங்கும் சேகரிக்கும் உரிமையைப் பழங்குடிகளுக்குத் தருகிறது. சட்டம் காகிதத்திலிருந்து இறங்கி மலை ஏறுவதற்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்பது நமக்குத் தெரியாத விஷயமா?

பெண்ணின் வீடு சிறிய காரை வீடு. திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நாற்பதில் பேச்சு நின்றுவிடும் என்று படித்திருந்தேன். எழுபதில் என் காரியம் எப்படி நடக்கும் என்று யோசித்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன்.

"வாங்க சாமி" என்றார் பாட்டி. அவ்வளவுதான்.

பேத்தி உள்ளேயிருந்து கடுங்காபி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். ஒருவரும் பேசவில்லை. ஒரு கால் மணி ஆயிற்று. நம் வீடுகளில் இப்படி ஒரு கால் மணி நேரம் கழிந்தால் யாருக்கோ யார்மேலோ கோபம் என்று அர்த்தம். நான் இருமினேன். கடிகாரத்தைப் பார்த்தேன். அவர்கள் இருவரும் சௌகரியமாக இருந்தார்கள். மாமரத்தில் ஏதோ பறவை கத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில், ஆச்சரியம், எனக்கும் சௌகரியமாக இருந்தது.

அப்போது பெண்ணின் மாமன் ஒருவர் மேலே காட்டிலிருந்து இறங்கி வந்தார். தோளில் கடப்பாரை. கையில் ஒரு முழ நீளத்துக்கு, மண் உதிராத ஒரு கிழங்கு. அதைத் திண்ணையில் வைத்தார். பாட்டி அதைத் தொட்டுப் பார்த்து ஏதோ கேட்டார். மாமன் பதில் சொன்னார். பேத்தி இடையில் ஒன்று சொன்னாள். பாட்டி மறுத்தார்போல இருந்தது. ஐந்து நிமிஷம் நடந்தது அந்தப் பேச்சு. குரலை உயர்த்தாமல், ஒருவர் முடித்தபின் ஒருவராக. ஓடையின் அடியில் கூழாங்கல் தெரிவதுபோல முதலில் அங்கங்கே ஒரு தமிழ்ச் சொல் தெரிந்தது. பிடித்துக்கொண்டேன். அடுத்த வாக்கியம் அதன்மேல் புரண்டு போயிற்று. வார்த்தையின் தலை தெரிந்தால் வால் வேறு பக்கம் வளைந்தது. மூன்றாவது நிமிஷத்தில் நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பாட்டி என் பக்கம் திரும்பினார். "கிழங்கு சாமி" என்றார்.

ஐந்து நிமிஷப் பேச்சு என்னிடம் வந்தபோது ஒரே வார்த்தை ஆகிவிட்டது.

பேத்திதான் விளக்கினாள். அது என்ன வகைக் கிழங்கு என்பதில் மாமனுக்கும் பாட்டிக்கும் அபிப்பிராய பேதம். ஒரே கொடிபோல இருக்குமாம். ஒன்று உடனே அவித்துத் தின்னலாம், இன்னொன்றை அப்படித் தின்னக் கூடாதாம். எந்தச் சரிவில், எவ்வளவு ஆழத்தில் எடுத்தது என்று பாட்டி கேட்டாராம். கொடியின் தலையைத் திரும்பக் குழியில் வைத்து மண் போட்டாயா என்று கேட்டாராம். அப்படிப் போட்டால்தான் அடுத்த வருஷமும் அங்கே கிழங்கு இருக்கும். "ஒவ்வொண்ணுக்கும் தனிப் பேரு இருக்கு சார். கொடிக்கு ஒண்ணு, குழிக்கு ஒண்ணு, பாதி தோண்டி விட்டுட்டு வந்ததுக்கு ஒண்ணு. தமிழ்ல எல்லாம் கிழங்குதான்."

பள்ளிக்கூடம் விட்டு அவளுடைய தம்பி வந்தான். பத்து வயசு. பையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திண்ணையைப் பார்த்தான்.

"ஹை, கிழங்கு!" என்றான்.

பாட்டி அவனிடம் ஏதோ கேட்டார். அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா என்னைப் பார்த்தாள். "என்ன கிழங்குன்னு கேக்குது சார். இவனுக்குத் தெரியாது. மேல கூட்டிட்டுப் போனாத்தானே தெரியும்? நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப தாத்தாகூடப் போயிருக்கேன். இவன் போனதில்லை. பள்ளிக்கூடத்துல பாட்டி பேச்சுப் பேசினா டீச்சர் 'ஒழுங்காப் பேசு'ங்கிறாங்க. அதனால வீட்லயும் ஒழுங்காவே பேசுறான்."

'ஒழுங்காவே' என்று அவள் சொன்னபோது அவள் குரலில் கோபம் இருந்ததா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. பையன் கிழங்கைத் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். பெண் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்; பாட்டி திருத்தினார்; நான் எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டினேன். பாட்டி சிரித்தார். மறுபடி கேட்டு, மறுபடி எழுதி, மறுபடி படித்தேன். இந்தத் தடவை மாமனும் சிரித்தார். மூன்றாம் தடவை பையனே சிரித்துவிட்டான். அந்தச் சொற்களை இந்தக் கட்டுரையில் நான் எழுதவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். என் காது கேட்டதை நம்பி ஒருமுறை புத்தகம் எழுதி ஆயிற்று, போதும். பெண்ணிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. விடுதியில் படித்த நாளிலிருந்து எழுதி வருகிறாளாம். தமிழ் எழுத்துத்தான், சில எழுத்துக்களுக்கு மேலே அவளாக ஏற்படுத்திய புள்ளிகளும் கோடுகளும். "இதைக் கொஞ்சம் தருவியா அம்மா?" என்றேன். "இன்னும் பாட்டிகிட்ட நிறையக் கேக்க வேண்டியிருக்கு சார்" என்று சொல்லி அதை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டாள்.

புறப்படுவதற்கு முன்னால் என் நாவலை எடுத்தாள். "படிச்சுக் காட்டட்டுமா?" என்று என்னைக் கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஏது முகம்? பளியன் பேசுகிற பக்கத்தைப் பாட்டிக்குப் படித்தாள். நான் போகும், சாமி வரும் எல்லாம். பாட்டி கவனமாகக் கேட்டார். பிறகு தம் பேச்சில் பேத்தியிடம் ஒன்று கேட்டார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன சொல்றாங்க?"

"இந்த ஆளுக்குக் காய்ச்சலா, ஏன் இப்படிப் பேசறான்னு கேக்குது சார்."

ஊருக்கு வந்து சிவப்பு மசியை எடுத்தேன். பளியனுடைய பேச்சை எடுத்துவிட்டு அதன் இடத்தில் என்ன போடுவது என்று ஒரு வாரம் திண்டாடினேன். கதாநாயகனிடம் அவன் பேசுகிற இடங்களில் சிரமம் இல்லை. அங்கே அவன் தமிழில், நாலு வார்த்தை, நல்ல தமிழாகப் பேசிவிட்டுப் போகிறான். ஆனால் ஓர் அத்தியாயத்தில் அவன் தன் மனைவியோடு பேசுகிறான். ஏறக்குறைய ஒரு பக்கம். அதைத் தமிழில் எழுதினால் பொய். அவர்கள் பேச்சில் எழுத எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் முழுவதையும் அடித்தேன். 'இருவரும் பேசிக்கொண்டார்கள். நெருப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை' என்று இரண்டு வரி எழுதினேன். அந்தப் பிரதியைத்தான் சிவகாசிக்குக் கொண்டு போனேன்.

பத்து நாள் கழித்து அச்சாபீஸ் நண்பர் டெலிபோனில் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, நூத்துப் பன்னிரண்டாம் பக்கத்துல முக்கால் பக்கம் காலியா நிக்குது. அடிச்சீங்களே, புதுசா ஒண்ணும் எழுதித் தரலையே? தாள் ஏதும் விட்டுப்போச்சா?"

"இல்லை. அவ்வளவுதான்."

"மலைக்காரன் பொஞ்சாதிகூடப் பேசுவானே, எவ்வளவு ருசியா இருக்கும்! அதையா எடுத்தீங்க?"

"ஆமாம்."

சிறிது நேரம் யந்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"காலியா விட்டா அச்சுப்பிழைன்னு நினைப்பாங்களே. ஒரு மலைப் படம் போட்டு நிரப்பிரட்டுமா? நம்மகிட்ட நல்ல பிளாக் இருக்கு. மலை, சூரியன், ஒரு மயில்."

"வேண்டாம் அண்ணாச்சி. அப்படியே இருக்கட்டும்."

"உங்க இஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

புத்தகம் வந்திருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் கீழே, மூலையில், மிகச் சின்னதாக ஒரு மயில் இருக்கிறது.